மழையைப் பற்றிப் பேச அனுமதி

பட்டம் வாங்கி, கையோடு வேலையும் கிடைத்த பிள்ளைகள் அந்தப் பேட்டையில்தான் குடியேற வேண்டும் என்று யார் முதலில் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. ஒரு காலத்தில் சாக்கு மூட்டைகள் அடுக்கிய கிடங்குகள் இருந்த இடம் அது. கிடங்குக்காரர்கள் சுவர் பூசச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுப்போனார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த வெறும் செங்கல்லைப் பார்த்து மெய்மறந்து, பூசியிருந்த சுவர்களையும் சுரண்டி வைத்தார்கள். முதுகு சாய இடமில்லாத நாற்காலிகள் போட்ட காபிக்கடை வந்தது. ஒரே ஒரு சோப்பை மட்டும் விற்கும் சோப்புக்கடை வந்தது. அதற்குப் பிறகு பேட்டைக்குத் தலைகால் புரியவில்லை. வீடு கேட்டு வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, நீ எனக்குப் பொருத்தம்தானா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டது.

விசாரிப்பதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. பேட்டைப் பொருத்தச் சங்கம் என்று பெயர். வீட்டுக்காரர் சாவியை நீட்டிக்கொண்டு நின்றாலும், சங்கம் பொருத்தச் சான்று கொடுத்தால்தான் நிலையாகக் குடியிருக்கலாம். அதுவரைக்கும் பார்வைக் காலம். அதில் தேறாதவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தேறியவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

இந்தக் கதைக்கு உரியவளை வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். பெரியவளான அக்காவுக்குக் கல்யாணமாகி, அம்மாவும் சின்னவளும் அக்கா வீட்டோடு வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு உள்ளே ஒரு கட்டில் கிடைத்தது. சின்னவளுக்கு ஹாலில் ஒரு மெத்தை. கல்லூரிக் காலம் முழுவதும் அந்த மெத்தையில்தான் போனது. மாமா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, அவள் தூக்கம் கெடக் கூடாதென்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றிக்கொண்டு போவார். அவர் ஒரு வார்த்தை சிடுசிடுத்திருந்தால் அவள் அங்கேயே இருந்திருப்பாள். அந்தக் கையில் தூக்கிய செருப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பாள்.

அவளுக்குக் கிடைத்த வேலையும் ஒரு மாதிரியானது. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் இவற்றோடு பெட்டிக்குள் மடித்துவைத்து ஒரு தாள் வரும் இல்லையா? பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கிப் போடுவோமே, அந்தத் தாளைப் பிழையில்லாமல் எழுதுகிற வேலை. அலுவலகத்துக்குப் போக வேண்டியதுகூட இல்லை, அறையில் உட்கார்ந்தே செய்யலாம். அறைதான் வேண்டும். அதோடு, சாயங்காலம் வேலை முடிந்ததும் நாலு வார்த்தை பேச யாராவது வேண்டும். பேட்டையைப் பற்றிய படங்களில் இளம்பிள்ளைகள் காபிக் கோப்பையோடு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சங்க அலுவலகத்தில் செயலாளர் அவளை உட்காரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதையே ஒரு அலுவலாகச் செய்கிற மனிதர்.

"உங்களுக்குப் பேட்டை பிடிச்சிருக்கான்னு நாங்க கேக்கறதில்ல. அது எல்லாருக்கும் பிடிக்கும். பேட்டைக்கு உங்களைப் பிடிக்குதான்னுதான் பாக்கணும்."

"எப்படி சார் பாப்பீங்க?"

"ஒட்டுதல்! இங்க இருக்கறவங்களோட நீங்க எவ்வளவு ஒட்டிப் பழகறீங்கன்னு பாப்போம். மத்ததெல்லாம் அப்புறம்."

சின்னவளுக்கு உச்சி குளிர்ந்தது. "அதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல சார். நான் நல்லாவே பழகுவேன்."

"ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு விதி இருக்கு. பார்வைக் காலம் முடியற வரைக்கும் இங்க இருக்கறவங்க யாரும் உங்களோட பேசக் கூடாது."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"பேசாம எப்படி சார் பழகறது?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "பேசினா என்ன ஆகும்? பிடிச்சுப் போயிடும். பிடிச்சுப்போனா மார்க்கை அள்ளிப் போட்டுடுவாங்க. அப்புறம் மதிப்பீட்டுக்கு என்ன மரியாதை? முன்னாடி ஒரு பையன் வந்தான். யாருக்கும் விதி தெரியாத நேரம், எல்லாரோடயும் நல்லாப் பேசிட்டான். எல்லாருக்கும் அவனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கடைசி வரைக்கும் அவன் பொருத்தமா இல்லையான்னு எங்களால கண்டுபிடிக்கவே முடியல. வேற வழியில்லாம அனுப்பிட்டோம்."

அனுப்பப்பட்ட பையனுக்காக அவர் கண்ணாடியை ஒருமுறை துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, கடையில் வியாபாரத்துக்கு வேண்டிய சொற்களுக்குத் தடையில்லை என்றும், அதற்கு மேல் ஏதாவது என்றால் தன் மூலமாகச் சங்கத் தலைவியிடம் போனில் அனுமதி கேட்க வேண்டும் என்றும், மறுநாளிலிருந்து ஒரு கவனிப்பாளர் வருவார் என்றும் சொல்லி அனுப்பினார்.

கவனிப்பாளர் அம்மா காலையிலேயே வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர், காலில் கேன்வாஸ் செருப்பு, கக்கத்தில் மடக்கு முக்காலி, தோளில் ஒரு பிளாஸ்க். கையில் பேருந்தில் ஆட்களை எண்ணுகிறவர்கள் வைத்திருப்பார்களே, கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஒன்று ஏறும் சின்னக் கருவி, அது இருந்தது. அவள் கதவைத் திறந்து, "வாங்கம்மா, உள்ள வாங்க, காபி போடட்டுமா?" என்று முகத்தைப் பார்த்தாள்.

டிக்.

அவ்வளவுதான் பதில். அந்த அம்மா படிக்கட்டுத் திருப்பத்தில் முக்காலியை விரித்து உட்கார்ந்துகொண்டார். எதை எண்ணுகிறார், எண்ணிக்கை கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா என்பது சங்கத்தின் ரகசியம்.

அன்று வேலை முடிந்ததும் சின்னவள் காபிக்கடைக்குப் போனாள். பின்னாலேயே முக்காலியும் போனது. கடை நிறைந்திருந்தது. ஒவ்வொரு மேசைக்கும் ஒவ்வொருவர். எல்லோரும் எதிர்ச் சுவரின் செங்கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். காபிக்கடைக்காரர் நல்ல ஆகிருதியான ஆள். கோப்பையைத் துடைக்கும்போது அது அவர் கைக்குள் காணாமல் போய்விடும். காபியை வாங்கிக்கொண்டு, வெளியே இருட்டிக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்துவிட்டு, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"மழை வருமா?"

டிக், என்றது பக்கத்து முக்காலி.

கடைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"சார், கடையிலேர்ந்து பேசறேன். இங்க விண்ணப்பதாரர் மழை வருமான்னு கேக்கறாங்க... இல்ல, காபி வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் கேட்டாங்க... சரி சார், இருக்கேன்."

மறுமுனையில் செயலாளர் தலைவியைக் கூப்பிட்டார். மழை என்பது பொது விஷயமா சொந்த விஷயமா, வருமா என்பது தகவலா அபிப்பிராயமா என்று அங்கே ஆராய்ச்சி நடந்தது. கடைக்காரர் போனைக் காதோடு அணைத்துக்கொண்டு நின்றார். வரிசையில் நின்றவர்கள் காபிக்குக் காத்திருந்தார்கள். வெளியே சடசடவென்று கொட்டித் தீர்த்து, தெருவோரச் செடிகளை எல்லாம் குனியவைத்துவிட்டு, மழை நின்றும்போனது.

"தலைவி அனுமதி குடுத்துட்டாங்க," என்றார் கடைக்காரர். தொண்டையைச் சரிசெய்துகொண்டு அதிகாரபூர்வமாகச் சொன்னார்: "வரலாம்."

அதற்கு நன்றி சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் சின்னவள் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

அக்கா போன் செய்தால் பின்னால் ஒரு சந்தையே கேட்கும். குக்கர் விசில், குழந்தைகளின் சண்டை, அம்மாவின் இருமல், தேடுவது எதுவும் கிடைக்காத மாமாவின் குரல். அதிலிருந்து தப்பித்தோம் என்றுதான் அவள் வந்தாள். இப்போது அக்கா பேசப் பேச, அவள் அந்தப் பின்சத்தத்தையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"என்னடி, ஆளுங்கல்லாம் எப்படி? பழக்கமாயிட்டாங்களா?"

"ம். நிறைய பேரு."

"யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லு பாப்போம்."

அக்காவிடம் ஒரு பொய்யை நீட்டினால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு அடிவரை போய்விடுவாள். சின்னவள் படிக்கட்டைப் பார்த்தாள். "ஒரு அம்மா இருக்காங்கக்கா. நான் எங்க போனாலும் கூடவே வருவாங்க. காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் என்கூடத்தான்."

"அய்யோ, எவ்வளவு நல்ல மனசு! என்னடி பேசிப்பீங்க?"

"அவங்க அதிகம் பேச மாட்டாங்க."

"நீதான் பேசவே விட்டிருக்க மாட்டே. குடு அவங்ககிட்ட. என் தங்கச்சியைப் பாத்துக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

சின்னவள் போய் போனை நீட்டினாள். அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ம் சொன்னால்கூடப் போதும்.

டிக்.

"என்னடி, டிக்னு ஏதோ கேக்குது?"

"அவங்கதான்க்கா," என்றாள் சின்னவள். போனை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.

பார்வைக் காலத்தின் நடுவே தற்செயல் சந்திப்பு நாள் என்று ஒன்று வரும். பேட்டையின் உயிர்நாடியே தற்செயலான சந்திப்புகள்தாம் என்று சங்கத்தின் விளக்கக் குறிப்பில் போட்டிருந்தது. அதனால் அவற்றைத் தற்செயலுக்கு விட்டுவிட முடியாது என்று அடுத்த வரியிலேயே போட்டிருந்தது. அன்று சின்னவள் சோப்புக்கடை முனையிலிருந்து காபிக்கடை முனைவரை நடக்க வேண்டும். குடியிருப்பவர்கள் எதிரே வந்து அவள்மேல் தற்செயலாக மோத வேண்டும். செயலாளர் தெரு நடுவில் விசிலோடு நின்றார்.

விசில் அடித்ததும் கோட்டுப் போட்ட நாயோடு ஒருவர் வந்து மோதினார். அவள், "அடடா, பாத்து வாங்க," என்று சிரித்தாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு விலகிப்போனார். நாய் மட்டும் விதி தெரியாமல் அவள் கையை நக்கிவிட, செயலாளர் விசிலடித்து அதை அப்புறப்படுத்தினார். அடுத்து யோகா விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்த ஒரு பெண். அடுத்து தாடிக்காரர் ஒருவர், அவர் மிதிவண்டியோடு மோதினார். கடைசியாக சோப்புக்கடைக்காரம்மா. அவர் மோதிய வேகத்தில் சின்னவள் கீழேயே விழுந்துவிட்டாள். முழங்கையில் ரத்தம் எட்டிப் பார்த்தது. "அய்யய்யோ, அடி..." என்று ஆரம்பித்த அந்த அம்மா, தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு, கலங்கிய கண்ணோடு கடைக்குள் ஓடிப்போனார். விழுந்த இடத்திலிருந்து சின்னவள் ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்த்தாள். கருவி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

"அருமையான சந்திப்புகள். ரொம்ப இயல்பா இருந்துச்சு," என்று செயலாளர் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு சின்னவளிடம் ஒரு மாற்றம் வந்தது. காபிக்கடையில் அவளும் செங்கல்லைப் பார்த்து உட்கார்ந்தாள். எந்த வரிசையில் எந்தக் கல் கோணல் என்பதுகூட அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. கெட்டிலுக்கான தாளில், ‘தண்ணீர் கொதித்ததும் தானாக அணைந்துவிடும், பயப்பட வேண்டாம்’ என்று எழுதினாள். யாருக்காக அந்தப் ‘பயப்பட வேண்டாம்’ என்று மேலதிகாரி மின்னஞ்சலில் கேட்டு, அதை எடுக்கச் சொன்னார். அவள் எடுத்துவிட்டாள். கருவியின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அதுவரை அந்த ஒரு சத்தம்தான் அவளுக்குத் துணையாக இருந்தது. இப்போது அதுவும் பேச்சை நிறுத்திக்கொண்டது என்று நினைத்தாள். தேறமாட்டோம், மறுபடியும் மெத்தைதான் என்று பயந்தாள்.

அந்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. கதவைத் திறந்துவைத்துவிட்டுப் படுத்திருந்தாள். படுத்தபடியே பார்த்தால் படிக்கட்டும் முக்காலியும் கேன்வாஸ் செருப்பும் தெரியும். அக்கா கூப்பிட்டபோது, "தூக்கம்க்கா, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள். தண்ணீர் வேண்டும்போல் இருந்தது. கேட்கத் தோன்றவில்லை. யாரையும் நிமிர்ந்து பார்க்கவும் தோன்றவில்லை. கருவியும் வாயைத் திறக்கவில்லை.

கண் அசந்து விழித்தபோது முக்காலி இருந்த இடம் காலியாக இருந்தது. வாசலுக்கு உள்பக்கம் பிளாஸ்க் நின்றுகொண்டிருந்தது. மூடியைத் திறந்தாள். வெந்நீர். மறந்து வைத்துவிட்டுப் போனவர்கள் மூடிமேல் மாத்திரை அட்டையைச் செருகி வைத்துவிட்டுப் போகமாட்டார்கள். மறுநாள் அந்த அம்மா வந்து முக்காலியை விரித்தார். பிளாஸ்க்கைக் கேட்கவில்லை, அது இருந்த பக்கம் திரும்பவும் இல்லை. சின்னவளும் தலையைத் தூக்காமல் இன்னொரு மூடி வெந்நீரை ஊற்றிக் குடித்தாள்.

பார்வைக் காலத்தின் கடைசியில் வரும் விசாரணை நாளன்று தலைவி நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கைத்தறியும் பெரிய கைப்பையுமாக, எழுந்து நின்றால் கூட்டமே எழுந்து நிற்கும் தோரணை. செயலாளர் ஒரு பக்கம், குடியிருப்பவர்கள் சுவரோரம், மூலையில் முக்காலியில் கவனிப்பாளர் அம்மா.

"ஒரே ஒரு கேள்விதான்," என்றார் தலைவி. "உங்களுக்கு ஒண்ணுன்னா வந்து கதவைத் தட்ட, இந்தப் பேட்டையில உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

ஒட்டுதல்தான் முக்கியம் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெயரைச் சொன்னால் போதும், அறை கிடைத்துவிடும். பெயர் தெரியாவிட்டால் என்ன, மூலையைக் கை காட்டலாம். ஆனால் வெந்நீரைப் பற்றிச் சொன்னால், விதியை மீறிய அந்த அம்மாவின் முக்காலியைப் பிடுங்கிவிடுவார்கள். அவர் தன் செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லங்க," என்றாள். "யாரும் இல்ல."

சொன்ன மாத்திரத்தில் அது உண்மை என்றே அவளுக்குத் தோன்றியது. பெட்டியைக் கட்டுவதற்கு மனதுக்குள் தயாரானாள்.

தலைவியின் முகம் மலர்ந்தது. "முழுப் பொருத்தம்!" என்றார்.

சுவரோரத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளர் கருவியை வாங்கிப் பார்த்து அறிவித்தார். "விண்ணப்பதாரர், யாராவது தன்கிட்ட பேசமாட்டாங்களான்னு எத்தனை தடவை நிமிர்ந்து பார்த்தாங்கங்கற கணக்கு இது. ஆரம்பத்துல கணக்குவழக்கே இல்ல. கேவலமா இருந்துச்சு, நானே கவலைப்பட்டேன். போகப் போகக் குறைஞ்சுது. கடைசி வாரம் ஒண்ணுகூட இல்ல."

மறுபடியும் கைதட்டல். தலைவி எழுந்து நின்று பேசினார்.

"இதுதான் ஒட்டுதல். நம்மளை மாதிரியே ஆயிட்டாங்க பாருங்க! இது சும்மா வராது. நான் இங்க வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. என் எதிர்வீட்டுல யாரு இருக்காங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுடக் கூடாதுன்னு கதவைத் திறக்கும்போது கண்ணை மூடிக்குவேன். என் பிறந்தநாளுக்கு நானே கேக் வெட்டி நானே கை தட்டிக்குவேன், யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது. போன வருஷம் குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். காலையில விழுந்தவ, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கிடந்தேன். கத்திக்கூடப் பார்த்தேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், வந்து கதவைத் தட்டல! அவ்வளவு ஒழுங்கு! அவ்வளவு நாகரிகம்! வேற எந்தப் பேட்டையில கிடைக்கும் இது?"

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் ஏனோ கொஞ்சம் தடுமாறியது. பெருமிதம் தாங்காமல் தடுமாறுகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு, இன்னும் ஓங்கிக் கை தட்டினார்கள்.

சான்றைக் கையில் வாங்கிய சின்னவளுக்கு வேறொன்று உறைத்தது. பார்வைக் காலம் முடிந்துவிட்டது. இனிமேல் அவள் விண்ணப்பதாரர் இல்லை, குடியிருப்பவள். விதி தீர்ந்தது, இனி எல்லோரும் பேசலாம்! சான்றைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அறைக்கு ஓடி பிளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு காபிக்கடைக்கு ஓடினாள்.

கவனிப்பாளர் அம்மா அங்கேதான் இருந்தார். ஆனால் முக்காலி வேறொரு மேசையின் பக்கத்தில் கிடந்தது. அந்த மேசையில் பட்டம் வாங்கிய கையோடு வந்திருந்த ஒரு பெண், சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். அவள் பையில் விலைச்சீட்டுகூடப் பிய்க்காமல் தொங்கியது.

"அம்மா, இப்போ பேசலாம் இல்ல?" என்றாள் சின்னவள்.

"பணியில இருக்கற கவனிப்பாளரோட குடியிருக்கறவங்க பேசக் கூடாதுங்க," என்று கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். "அதுவும் விதிதான்."

சின்னவள் குனிந்து பிளாஸ்க்கை முக்காலியின் கால் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, போகிறபோக்கில், அந்த முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

டிக்.

அது யாருடைய கணக்கில் ஏறியதோ! அந்த அம்மா திரும்பவில்லை. பிளாஸ்க்கை மட்டும் காலால் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"சரி, உங்களோட பேசலாம்தானே?" என்று சின்னவள் கடைக்காரரிடம் வந்தாள். "நானும் இப்போ குடியிருக்கறவ."

"தாராளமா! தாராளமா பேசலாம்," என்று அந்தப் பெரிய மனிதர் ஆர்வமாகக் குனிந்தார்.

"சொல்லுங்க," என்றாள் அவள்.

அவர் வாயைத் திறந்தார். ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தார். இன்னொரு கோப்பையை எடுத்தார். சொல்ல எதையோ தேடினார். சட்டைப்பையில் வைத்த சாவியைத் தேடுகிறவர்போல் அவர் முகம் அங்குமிங்கும் அலைந்தது. "பழக்கம் விட்டுப்போச்சுங்க," என்றார் கடைசியில். "ஒண்ணும் வரமாட்டேங்குது." அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது.

சின்னவள் அறைக்கு வந்து படுத்தாள். படிக்கட்டுத் திருப்பம் வெறிச்சென்று கிடந்தது. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே கிடந்தது. பேச ஆள் இல்லாததாவது பழகியிருந்தது. கவனிக்கவும் ஆள் இல்லை என்பது புதிதாக இருந்தது. அவள் காலையில் எழுந்தாலும் எழாவிட்டாலும், கீழே விழுந்தாலும், எங்கேயும் எந்த எண்ணும் ஏறாது.

பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். சான்றை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், இதுல ஏதோ தப்பு நடந்திருக்கு. நான் பொருத்தமில்ல. என்னைத் திரும்பவும் பார்வைக் காலத்துல போடுங்க. கவனிப்பாளரைத் திருப்பி அனுப்புங்க."

செயலாளர் ஆச்சரியப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். "மறுபார்வை விண்ணப்பமா? இருக்கற கவனிப்பாளர்ங்க கொஞ்சம் பேருதான். முறை வரும்போது கூப்பிடுவோம். அங்க உக்காருங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். சோப்புக்கடைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். நாய்க்காரர் நாயோடு உட்கார்ந்திருந்தார். யோகாக்காரி, தாடிக்காரர், கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த காபிக்கடைக்காரர். ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, பேட்டை நாகரிகம் அப்படி. எல்லோர் மடியிலும் ஒரு சான்று. வரிசையின் கோடியில், பெரிய கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தலைவி உட்கார்ந்திருந்தார்.

சின்னவள் போய், காபிக்கடைக்காரருக்கும் அந்தக் கைப்பைக்கும் முன்னால் நின்றாள். தலைவி கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சின்னவள் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கத்திலும் இரண்டு தோள் லேசாக இடித்தது. யாரும் நகர்ந்துகொள்ளவில்லை.

ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

தலைவி இரண்டு முறை தொண்டையைச் செருமினார். "மழை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு சின்னவள் பக்கம் முழுதாகத் திரும்பி, "மழை வரும்போல இருக்கு, இல்ல?" என்றார்.

செயலாளர் பதறிப்போனார். மறுபார்வைக்கு விண்ணப்பித்தவர்கள் தங்களுக்குள் மழையைப் பற்றிப் பேசலாமா என்பதற்கு விதி இல்லை. அனுமதி கேட்பதற்காக அவசரமாகப் போனை எடுத்துத் தலைவியின் எண்ணை அழுத்தினார்.

தலைவியின் மடியில் கைப்பைக்குள் போன் மணி அடித்தது. விடாமல் அடித்தது. தலைவி பையின்மேல் கையை வைத்துக்கொண்டு, பதிலுக்காகச் சின்னவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, வரும்," என்றாள் சின்னவள். "குடை கொண்டு வந்தீங்களா?"